எல்லை தாண்டும் அழைப்பு: குறைந்த செலவில் பேச என்னென்ன வழிகள்?

வெளிநாடு கிளம்பும் குடும்பம் எதையெல்லாம் சரிபார்க்கிறது என்று பாருங்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், மருத்துவக் காப்பீடு, மாத்திரை, ஊறுகாய் எல்லாம் பட்டியலில் இருக்கும். கைப்பேசி அந்தப் பட்டியலில் வராது. அது சட்டைப் பையில்தானே இருக்கிறது, இறங்கியதும் வேலை செய்யும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு இறங்குகிறவர்களில் சிலருக்கு சிக்னலே கிடைப்பதில்லை. சிலருக்குப் பயணம் முடிந்து வரும் பில், விமான டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணத்தை விழுங்கிவிடுகிறது. வேறு சிலருக்கு, பணம் எடுக்க வேண்டிய நேரத்தில் வங்கியின் ஓடிபி வராமல் போகிறது.

மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். ஊரில் இருக்கும்போது ஒரே சிம் நமக்கு மூன்று வேலைகளைச் செய்கிறது. நம் எண்ணை உயிரோடு வைத்திருக்கிறது, இணையம் தருகிறது, எந்த எண்ணுக்கும் பேச வைக்கிறது. எல்லையைத் தாண்டியதும் இந்த மூன்றும் தனித்தனிச் சரக்குகளாகிவிடுகின்றன. ஒவ்வொன்றும் மலிவாகக் கிடைக்கும் இடம் வேறு. மூன்றையும் ஒரே இடத்தில் வாங்குகிறவர் அதிகம் கொடுக்கிறார். பிரித்து வாங்கத் தெரிந்தவர் குறைவாகக் கொடுக்கிறார். அப்படிப் பிரித்து வாங்கும் வழிகளையும், அவற்றின் விலையைத் தீர்மானிக்கும் காரணங்களையும் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் பயணியின் பக்கமிருந்து இந்தக் கட்டுரை பார்க்கிறது.

விலை எங்கே உருவாகிறது?

ஒரு நாட்டின் சிம் இன்னொரு நாட்டில் வேலை செய்வது இயற்கையாக நடப்பதில்லை. இரண்டு நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டால்தான் அது நடக்கும். ஜிஎஸ்எம் தொழில்நுட்பத்தில் அப்படிப்பட்ட முதல் சர்வதேச ரோமிங் ஒப்பந்தம் 1992-ல் டெலிகாம் ஃபின்லாந்துக்கும் பிரிட்டனின் வோடஃபோனுக்கும் இடையே கையெழுத்தானது. இன்றும் அடிப்படை அதுதான். நீங்கள் துபாயில் இறங்கிக் கைப்பேசியை இயக்கினால், அங்குள்ள நிறுவனம் உங்கள் சிம்மின் எண்ணைப் பார்த்து, உங்கள் இந்திய நிறுவனத்திடம் விசாரிக்கிறது. அது சம்மதித்தால் சேவை தொடங்குகிறது. நீங்கள் பேசும் நிமிடங்களுக்கும் செலவழிக்கும் டேட்டாவுக்கும் துபாய் நிறுவனம் உங்கள் நிறுவனத்திடம் மொத்த விலை வசூலிக்கிறது. உங்கள் நிறுவனம் அதற்கு மேல் லாபம் வைத்து உங்களிடம் வாங்குகிறது.

உங்களுக்கு வரும் அழைப்புக்கும் காசு பிடிப்பது பலருக்கு அநியாயமாகப் படுகிறது. மதுரையிலிருந்து உங்கள் தம்பி அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் துபாயில் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் கொடுப்பது உள்நாட்டு அழைப்புக்கான கட்டணம் மட்டுமே. பழைய முகவரிக்கு வந்த கடிதத்தைத் தபால்காரர் புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்புவதைப் போல, உங்கள் நிறுவனம் அந்த அழைப்பை இந்தியாவிலிருந்து துபாய்க்குக் கொண்டுபோகிறது. அந்த இரண்டாவது பயணத்தின் செலவு உங்கள் தலையில் விழுகிறது. துபாயில் பக்கத்து அறையில் தங்கியிருக்கும் நண்பர் உங்கள் இந்திய எண்ணை அழைத்தாலும், அந்த அழைப்பு இந்தியா வரை போய்த்தான் உங்களிடம் திரும்பும்.

இதில் உண்மையான செலவு எவ்வளவு, வைத்த லாபம் எவ்வளவு? இந்தக் கேள்விக்கு ஐரோப்பா தெளிவான விடை கொடுத்திருக்கிறது.

ஐரோப்பா காட்டிய உண்மை

2007-க்கு முன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனால் ரோமிங் கட்டணம் கடுமையாக இருந்தது. அப்போதைய தொலைத்தொடர்பு ஆணையர் விவியன் ரெடிங் முன்னின்று கொண்டுவந்த சட்டம், 2007-ல் முதல் உச்சவரம்பை விதித்தது. வரியைச் சேர்க்காமல், பேசும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 49 சென்ட், வரும் அழைப்புக்கு 24 சென்ட். அதன்பின் வரம்பு படிப்படியாக இறங்கியது. 2017 ஜூன் 15 முதல் ரோமிங் என்ற கூடுதல் கட்டணமே ஒன்றியத்துக்குள் எடுக்கப்பட்டது. 2022-ல் அந்த ஏற்பாட்டை 2032 வரை நீட்டித்தார்கள்.

சில்லறை விலையைக் கட்டுப்படுத்தியதோடு அவர்கள் நிற்கவில்லை. நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று வசூலிக்கும் மொத்த விலைக்கும் வரம்பு வைத்தார்கள். ஒரு ஜி.பி. டேட்டாவுக்கு 2022-ல் 2 யூரோ என்றிருந்த வரம்பு ஆண்டுதோறும் குறைந்து, 2027-ல் 1 யூரோ ஆகிறது. குரல் அழைப்புக்கு 2025 முதல் நிமிடத்துக்கு 2 சென்ட்டுக்கும் குறைவு. இந்த விலையிலும் நிறுவனங்கள் தொழில் நடத்துகின்றன. ஆக, ரோமிங் கட்டணத்தின் பெரும்பகுதி கம்பிக்கும் கோபுரத்துக்கும் ஆகும் செலவன்று. பேரம் பேச ஆளில்லாத பயணியிடம் வாங்கப்பட்ட தொகை அது.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகியதும் அந்தச் சட்டப் பாதுகாப்பு அங்கே இல்லாமல் போயிற்று. 2022-ல் அந்நாட்டின் பெரிய நிறுவனங்கள் சில, ஐரோப்பாவுக்குப் போகும் தம் வாடிக்கையாளர்களிடம் ரோமிங் கட்டணத்தை மீண்டும் வசூலிக்கத் தொடங்கின. கோபுரங்கள் மாறவில்லை, கருவிகள் மாறவில்லை. சட்டம் மாறியது, விலை மாறியது.

நம் நாட்டுக்குள்ளும் இதைக் கண்டிருக்கிறோம். பெங்களூருக்குப் போனால் வரும் அழைப்புக்குக் காசு போகும் என்று கைப்பேசியை அணைத்து வைத்த காலம் ஒன்று இருந்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-லும் 2015-லும் உள்நாட்டு ரோமிங் விதிகளைத் தளர்த்தி, உச்சவரம்பைக் குறைத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ ரோமிங் கட்டணம் இல்லாமல் வந்தது. 2017 ஏப்ரலில் ஏர்டெல்லும் அதை நீக்கியது. இன்றைய பிள்ளைகளுக்கு உள்நாட்டு ரோமிங் என்றால் என்னவென்றே தெரியாது.

முதல் வழி: இந்திய சிம்மின் ரோமிங் பேக்

ஜியோ, ஏர்டெல், வி ஆகியவை ஒரு நாளிலிருந்து ஓராண்டு வரை பலவகை ரோமிங் பேக்குகளை விற்கின்றன. இதன் பலம் எளிமை. எண் மாறாது, ஓடிபி வரும், கடை தேட வேண்டாம். இரண்டு மூன்று நாள் வேலையாகப் போகிறவர்களுக்கும், தொழில்நுட்பத்தோடு மல்லுக்கட்ட விரும்பாத பெரியவர்களுக்கும் இதுவே நல்லது.

வாங்கும்முன் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, போகும் நாடு பேக்கின் பட்டியலில் இருக்கிறதா? வழியில் தோஹாவிலோ அபுதாபியிலோ விமானம் மாறினால் அதுவும் ஒரு நாடுதான். இரண்டாவது, பேக்கில் உள்ள நிமிடங்கள் பொதுவாக மூன்று வகைக்குத்தான் பொருந்தும்: உள்ளூர் அழைப்பு, இந்தியாவுக்கான அழைப்பு, வரும் அழைப்பு. பாரிஸில் இருந்துகொண்டு லண்டனில் உள்ள உறவினரை அழைத்தால் அது மூன்றாம் நாட்டு அழைப்பு. அதற்குத் தனி விலை. மூன்றாவது, ஒரு நாள் என்பது நள்ளிரவில் முடிகிறதா, தொடங்கியதிலிருந்து 24 மணி நேரமா? நான்காவது, டேட்டா தீர்ந்த பிறகு என்ன நடக்கும்: வேகம் குறையுமா, நின்றுவிடுமா, பேக் இல்லாத சாதாரணக் கட்டணம் ஓடத் தொடங்குமா? கடைசியில் சொன்னதுதான் ஆபத்து.

இரண்டாம் வழி: இறங்கிய ஊரின் சிம்

ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால், நாளொன்றுக்கு ஆகும் செலவில் இதுவே பெரும்பாலும் மலிவு. சிங்கப்பூரின் சாங்கி, கொழும்பின் கட்டுநாயக்க, பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே சிம் விற்கிறார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். ஐரோப்பாவில் ஒரு நாட்டில் வாங்கிய சிம், ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன் ஆகியவற்றிலும் உள்ளூர் விலையில் வேலை செய்யும். 2026 ஜனவரி முதல் உக்ரைனும் மால்டோவாவும் இதில் சேர்ந்திருக்கின்றன. ஸ்விட்சர்லாந்து இதில் இல்லை. பாரிஸில் வாங்கிய சிம்மோடு ஆல்ப்ஸ் மலை பார்க்கப் போகிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான்.

குறைகளும் உண்டு. புதிய எண்ணை ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். சில நாடுகளில் பதிவு நடைமுறை நீளும். ஜப்பானில் சுற்றுலாப் பயணிக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை டேட்டா மட்டுமே தரும், குரல் அழைப்பு இருக்காது. துருக்கியில் வெளிநாட்டுக் கைப்பேசியைப் பதிவு செய்யாமல் உள்ளூர் சிம்மோடு 120 நாள் வரைதான் பயன்படுத்த முடியும்.

மூன்றாம் வழி: இ-சிம்

பிளாஸ்டிக் அட்டை இல்லாமல், கைப்பேசிக்குள் பதிந்த சில்லில் சிம் விவரத்தை இறக்கிக்கொள்ளும் முறை இது. 2017-ல் கூகுளின் பிக்சல் 2, 2018-ல் ஐஃபோன் எக்ஸ்எஸ் வரிசை இதைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தன. 2022 முதல் அமெரிக்காவில் விற்கும் புதிய ஐஃபோன்களில் சிம் அட்டை போடும் துளையே கிடையாது. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் வாங்கிவரும் ஐஃபோனை வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பயணிக்கு இ-சிம்மின் பெரிய நன்மை, இந்திய சிம்மைக் கழற்ற வேண்டாம் என்பது. ஓடிபிக்கு இந்திய சிம், டேட்டாவுக்கு இ-சிம் என்று இரண்டும் ஒரே கைப்பேசியில் இருக்கலாம். வீட்டு வைஃபையில் இருக்கும்போதே க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பதிந்து வைத்துக்கொண்டு, இறங்கியதும் இயக்கினால் போதும். பயண இ-சிம்களில் பல டேட்டா மட்டுமே தருபவை. அவற்றுக்குத் தொலைபேசி எண் இருக்காது என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

இந்தியாவில் இதற்குச் சட்டப் பக்கமும் உண்டு. வெளிநாட்டு சிம்களை இங்கே விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லை என்பதற்காக 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை ஆகிய செயலிகள் அரசின் உத்தரவின்பேரில் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே இங்கே வாங்குவதானால் அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் வாங்குவதே முறை.

நான்காம் வழி: இணைய அழைப்பு

2009-ல் தொடங்கிய வாட்ஸ்அப் 2015-ல் குரல் அழைப்பையும் 2016-ல் வீடியோ அழைப்பையும் கொடுத்தபின், குடும்பங்களுக்கிடையிலான பேச்சு அங்கே போய்விட்டது. குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு 1 எம்.பி.க்கும் குறைவாகவே ஆகும், ஒரு ஜி.பி. கையில் இருந்தால் மணிக்கணக்கில் பேசலாம். வீடியோ அதைப்போலப் பல மடங்கு தின்னும். முகம் பார்க்கும் அழைப்பை வைஃபை உள்ள இடத்துக்கும், மற்றவற்றைக் குரலுக்கும் ஒதுக்கினால் சிறிய டேட்டா பேக்கே போதும்.

பலருக்கு ஒரு பயம் இருக்கிறது: சிம்மை மாற்றினால் வாட்ஸ்அப் போய்விடுமோ என்று. போகாது. இந்திய சிம்மையும் கைப்பேசியிலேயே வைத்திருந்தால், புது சிம் போட்டாலும் பழைய இந்திய எண்ணில் உள்ள கணக்கு தொடரும். எண்ணை மாற்றவா என்று செயலி கேட்டால் வேண்டாம் என்று சொன்னால் போதும்.

ஆனால் வாட்ஸ்அப் எல்லாவற்றையும் செய்துவிடாது. வங்கியின் உதவி எண்ணுக்கோ, தங்கும் விடுதியின் வரவேற்பறைக்கோ, ஸ்மார்ட்ஃபோன் இல்லாத பாட்டிக்கோ அதில் பேச முடியாது. அவசர உதவிக்கு அதை நம்பவும் கூடாது. ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் சாதாரண அழைப்பில் 112-ஐ அழைக்கலாம்.

ஐந்தாம் வழி: சாதாரண எண்ணுக்கு மலிவு அழைப்பு

எந்த நாட்டு எண்ணுக்கு அழைத்தாலும், அழைப்பை முடித்துக் கொடுக்கும் நிறுவனத்துக்கு ஒரு தொகை போய்ச் சேரும். வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் அழைப்புக்கு அந்தத் தொகையை 2020 மே முதல் நிமிடத்துக்கு 35 பைசாவிலிருந்து 65 பைசாவுக்குள் டிராய் நிர்ணயித்தது. இந்தியாவை அழைப்பது பல நாடுகளிலிருந்து மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐ.எஸ்.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிய தலைமுறைக்கு இந்த விலை நம்ப முடியாதது. 2002 மார்ச் 31 வரை இந்தியாவின் வெளிநாட்டு அழைப்புகள் வி.எஸ்.என்.எல். என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. அந்த ஏகபோகம் முடிந்த மறுநாளே போட்டிக்கும் இணையத் தொலைபேசிக்கும் கதவு திறந்தது. விலை சரியத் தொடங்கியது அதன்பின்தான்.

இந்த மலிவு அழைப்பு வரலாற்றில் தமிழர்களுக்குத் தனி இடம் உண்டு. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் ஊருக்குப் பேச காலிங் கார்டுகளை நம்பியிருந்த காலத்தில், அந்தத் தேவையை உள்ளிருந்தே அறிந்தவர்கள் தொழிலைத் தொடங்கினார்கள். லியோன் ராசையா, பாஸ்கரன் கந்தையா, ரதீசன் யோகநாதன் ஆகிய மூவர் 2001-ல் தொடங்கியது லெபாரா. மூவர் பெயர்களின் முதல் இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகளே நிறுவனத்தின் பெயர். 2006-ல் சுபாஸ்கரன் அல்லிராஜா லைக்காமொபைலைத் தொடங்கினார். தமிழ்த் திரையுலகில் லைக்கா என்ற பெயர் வந்தது அந்தத் தொழிலின் வழியாகத்தான். இவை சொந்தக் கோபுரங்கள் இல்லாத நிறுவனங்கள். பெரிய நிறுவனங்களிடம் நிமிடங்களை மொத்தமாக வாங்கி, புலம்பெயர்ந்தோருக்கு ஊர் பேசும் வசதியோடு சில்லறையாக விற்றன. இன்றும் ஐரோப்பாவுக்குப் போகும் தமிழ்ப் பயணி இவ்வகை சிம்களை மளிகைக் கடைகளிலேயே வாங்கலாம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பேசும் நிமிடங்கள் அதில் அடங்கியிருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இணையம் வழியே சாதாரண எண்ணை அழைக்கும் செயலிகளும் உள்ளன. 2003-ல் தொடங்கி இதைப் பரவலாக்கிய ஸ்கைப், 2025 மே 5-ல் மூடப்பட்டுவிட்டது. வைபர் அவுட், ரெப்டெல் போன்றவை தொடர்கின்றன. அமெரிக்க எண் உள்ளவர்களுக்குக் கூகுள் வாய்ஸ் உண்டு. பேர் தெரியாத செயலி நம்ப முடியாத விலை சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக வேடமிட்டு அனுப்பும் திருட்டு சிம்பாக்ஸ் கூடங்கள் இந்தியாவில் அடிக்கடி பிடிபடுகின்றன. அந்த வழியில் உங்கள் பேச்சு யார் கையில் போகிறது என்பதற்குப் பொறுப்பேற்க ஆளில்லை.

நாட்டுக்கு நாடு மாறும் தடைகள்

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு போகாது. அங்கே இணைய அழைப்புக்கு போட்டிம் போன்ற உரிமம் பெற்ற செயலிகளே வழி. அதற்கு அந்நாட்டு நிறுவனங்களான எதிசலாத்தும் டூவும் தனிக் கட்டணத் திட்டங்கள் வைத்திருக்கின்றன. இணையத் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் போட்டுச் சமாளிக்கலாம் என்று அறைத் தோழர்கள் சொல்வார்கள். குற்றம் செய்யவோ மறைக்கவோ விபிஎன் பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்கிறது அந்நாட்டுச் சட்டம். பிழைக்கப் போன இடத்தில் அந்த ஆபத்தை விலைக்கு வாங்கக் கூடாது.

சீனாவில் வாட்ஸ்அப்பும் கூகுளும் முடக்கப்பட்டுள்ளன. அங்கே உள்ளூர் சிம் மலிவாகக் கிடைத்தாலும் ஊரோடு பேச உதவாது. ரோமிங் டேட்டா, சிம் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகவே பொதுவாக இணையத்தை அடைகிறது. ஆகையால் இந்திய சிம்மின் ரோமிங்கிலோ வெளிநாட்டு இ-சிம்மிலோ இந்தச் செயலிகள் பெரும்பாலும் வேலை செய்யும். விலை கூடினாலும் ரோமிங்கே சரியான தேர்வாக அமையும் நாடு இது.

அமெரிக்காவில் சிக்கல் வேறு. ஏடி&டி, டி-மொபைல், வெரைசன் மூன்றும் 2022-ல் 3ஜி சேவையை மூடிவிட்டன. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் மூடின. சிங்கப்பூரிலும் அதே ஆண்டு 3ஜி முடிந்தது. இந்த நாடுகளில் குரல் அழைப்பு 4ஜி வழியாக, அதாவது வோல்ட்டி முறையில்தான் போகும். அப்பாவுக்குக் கொடுத்தனுப்பும் பழைய கைப்பேசியில் அந்த வசதி இல்லையென்றால், எந்த சிம் போட்டாலும் பேச முடியாது. இந்திய சிம்மின் ரோமிங்குக்கும் இதே நிபந்தனைதான்: உங்கள் நிறுவனத்துக்கு அந்நாட்டு நிறுவனத்தோடு வோல்ட்டி ரோமிங் ஒப்பந்தம் இருக்க வேண்டும். கிளம்பும் முன் சேவை மையத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இந்திய எண்ணைக் காப்பது

எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்திய எண் உயிரோடு இருந்தாக வேண்டும். வங்கி, ஆதார், வருமான வரி எல்லாம் அதில் தொங்குகின்றன. கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங்கை இயக்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் அந்நாட்டு நெட்வொர்க் உங்கள் சிம்மை ஏற்காது. ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது என்பதால், ஓடிபிக்காக மட்டும் சிம்மை வைத்திருக்கப் பெரிய செலவில்லை.

மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் ரீசார்ஜ் காலாவதியாகும் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். டிராய் விதிப்படி, 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே போன பிரீபெய்ட் எண்ணை நிறுவனம் முடக்கலாம். முடக்கிய எண் பின்னாளில் வேறொருவருக்குப் போய்விடும். அப்போது உங்கள் ஓடிபியும் அவருக்குப் போகும். 2024 டிசம்பரில் டிராய் செய்த திருத்தம் இதற்கு உதவுகிறது. டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான வவுச்சர்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்றும், சிறப்பு வவுச்சர்கள் 365 நாள் வரை செல்லுபடியாகலாம் என்றும் அது சொல்கிறது. நீண்ட காலம் வெளியே இருப்பவர்களுக்கு இவை ஏற்றவை.

வெளிநாட்டிலேயே வசிப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஹாங்காங், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் ஆகிய 10 நாடுகளின் எண்களை வைத்தே என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளில் யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் வழி செய்தது.

கண்ணுக்குப் படாமல் ஓடும் செலவுகள்

இ-சிம்மோ உள்ளூர் சிம்மோ போட்டபின் இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைக்க மறக்கக் கூடாது. ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்றதுக்குத் தானே தாவும் வசதி பல கைப்பேசிகளில் உண்டு. அதையும் அணைக்க வேண்டும்.

நீங்கள் எடுக்காத அழைப்பு வேறு எண்ணுக்கோ வாய்ஸ்மெயிலுக்கோ திரும்பும்படி வைத்திருந்தால், அது வெளிநாடு வந்து மீண்டும் இந்தியா போகிறது. இரண்டு பயணத்துக்கும் கட்டணம் விழலாம். இந்தியாவில் இருக்கும்போதே ##002# என்று அழுத்தி அழைத்தால் திருப்பிவிடும் ஏற்பாடுகள் எல்லாம் நீங்கிவிடும்.

விமானத்திலும் சொகுசுக் கப்பலிலும் செயற்கைக்கோள் வழியே இயங்கும் நெட்வொர்க்குகள் இருக்கின்றன. சாதாரண ரோமிங் பேக்குகள் பலவற்றில் இவை அடங்காது, விலையோ மிக அதிகம். ஏறியதும் ஏர்பிளேன் மோடில் போட்டு, தேவையென்றால் வைஃபையை மட்டும் இயக்குவதே பாதுகாப்பு. எல்லையோர ஊர்களிலும் கவனம் வேண்டும். ஜொகூர் பாருவில் சிங்கப்பூர் நெட்வொர்க்கும், நம் தனுஷ்கோடிக் கரையில் இலங்கை நெட்வொர்க்கும் கைப்பேசியில் எட்டிப் பார்ப்பதுண்டு. தானாக நெட்வொர்க் தேடுவதை நிறுத்தி, நாமே தேர்ந்தெடுத்து வைக்கலாம்.

1800 என்று தொடங்கும் இந்தியக் கட்டணமில்லா எண்கள் வெளிநாட்டிலிருந்து பொதுவாகக் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கென்று +91 என்று தொடங்கும் எண்ணை வங்கிகள் தனியாகக் கொடுத்திருக்கின்றன. அதையும், வீட்டார் எண்களையும் +91 சேர்த்துப் பதிந்து வையுங்கள். கார்டு தொலைந்த இரவில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

யாருக்கு எது பொருந்தும்?

சிங்கப்பூருக்கோ இலங்கைக்கோ ஒரு வாரம் சுற்றுலா போகும் குடும்பத்துக்கு, ஒரு உள்ளூர் சிம்மோ இ-சிம்மோ வாங்கி, அதன் ஹாட்ஸ்பாட்டை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வது போதும். ஒவ்வொருவரும் ரோமிங் பேக் போடுவது வீண்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்ப் பல மாதம் தங்கும் பெற்றோருக்கு, பிள்ளைகளின் குடும்பத் திட்டத்தில் ஓர் இணைப்பைச் சேர்ப்பதோ, மாதாந்திர பிரீபெய்ட் சிம் வாங்குவதோ நல்லது. பக்கத்து வீட்டாரும் மருத்துவமனையும் அழைக்க அவர்களுக்கு உள்ளூர் எண் வேண்டும். இந்திய சிம், டேட்டா ரோமிங் அணைத்த நிலையில் ஓடிபிக்காகக் கூடவே இருக்கட்டும்.

பல நாடுகளைச் சுற்றும் ஐரோப்பியப் பயணத்துக்கு ஒன்றியத்துக்குள் வாங்கிய ஒரு சிம் அல்லது ஐரோப்பிய இ-சிம் போதும். ஸ்விட்சர்லாந்தும் பிரிட்டனும் அதில் அடங்குமா என்பதை மட்டும் வாங்கும்போதே கேட்க வேண்டும். சீனா போகிறவர் ரோமிங் பேக்கையே எடுக்கலாம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர் உள்ளூர் சிம்மோடு உரிமம் பெற்ற அழைப்புச் செயலியையும் முதல் வாரத்திலேயே ஏற்பாடு செய்துகொண்டு, அதே செயலியை வீட்டார் கைப்பேசியிலும் ஏற்றச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் கூட்டத்துக்குப் போய்வருகிறவர் ரோமிங் பேக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர் மிச்சம் பிடிக்க வேண்டியது நேரத்தைத்தான்.

தீர்ப்பும் கோரிக்கையும்

பயணி தன் அளவில் செய்யக்கூடியது இவ்வளவுதான். எண்ணை இந்திய சிம்மிலும், டேட்டாவை உள்ளூர் சிம்மிலோ இ-சிம்மிலோ, குடும்பப் பேச்சை இணையத்திலும் வைத்தால் செலவு பெருமளவு குறையும். ஆனால் இதற்கு நல்ல கைப்பேசியும் அதைக் கையாளும் பழக்கமும் வேண்டும். அவை இல்லாதவரே அதிகம் கொடுக்கிறார்: தங்குமிடத்தில் வைஃபை இல்லாத கட்டுமானத் தொழிலாளி, எழுத்துக்கூட்டிப் படிக்கும் வீட்டு வேலைப் பெண், முதல்முறை விமானம் ஏறும் முதியவர். தந்திரம் தெரிந்தவருக்கு மலிவு, தெரியாதவருக்குத் தண்டனை என்றிருக்கும் விலையை நியாயமான விலை என்று சொல்ல முடியாது.

இதை அரசுகள் மாற்ற முடியும். 2011-ல் சிங்கப்பூரும் மலேசியாவும் பேசி, தங்களுக்கிடையிலான ரோமிங் கட்டணத்தைக் குறைக்கும் உடன்பாட்டுக்கு வந்தன. ஐரோப்பா சட்டத்தாலேயே செய்து காட்டியது. வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகியவற்றோடு இந்தியாவுக்கு உள்ள மக்கள் போக்குவரத்து மிகப் பெரியது. அதுவே பேரம் பேசும் பலம். நிறுவனங்களுக்கிடையிலான மொத்த விலைக்கு இருதரப்பு வரம்பு வைக்கும் பேச்சை மத்திய அரசு அந்த நாடுகளோடு தொடங்க வேண்டும். பயணி சம்மதிக்காமல் குறிப்பிட்ட தொகைக்கு மேல் ரோமிங் பில் ஏறாதபடி தானே துண்டிக்கும் ஏற்பாடு, ஐரோப்பாவில் டேட்டாவுக்கு 50 யூரோ என்ற அளவில் 2010 முதல் நடப்பில் இருக்கிறது. அத்தகைய பாதுகாப்பை இந்தியச் சந்தாதாரர் அனைவருக்கும் டிராய் உறுதி செய்ய வேண்டும். தொழிலாளர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் தரும் பயிற்சியில், சிம்மும் அழைப்புச் செயலியும் பயன்படுத்தும் முறையைத் தமிழில் சொல்லித்தர ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

அதுவரை, உங்கள் வீட்டிலிருந்து யாராவது கிளம்பினால் அவர்களுக்காக ஒரு மணி நேரம் உட்காருங்கள். கைப்பேசியைச் சோதித்து, ரோமிங்கை இயக்கி, எண்களை +91 சேர்த்துப் பதிந்து கொடுத்து அனுப்புங்கள்.